சூசைநாதனின் இடியன் துவக்கு

துவக்குச் சத்தம் கேட்காத ஊராகப் பார்த்துத்தான் நான் பாரிசுக்கு ஓடி வந்தேன். வந்த இடத்தில் ஒரு மனுசர் துவக்குக் குழலைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு நான் வேலை செய்யும் பட்டறைக்கே வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அவர் பெயர் சூசைநாதன். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், பிரெஞ்சுப் படையில் அட்ஜுதான் என்கிற அதிகாரித் தரத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ரூ பெர்தொனே என்ற தமிழ்க் கடைத் தெருவில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் பழக்கமானவர். நான் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பிரெஞ்சு முதலாளியின் சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். அகதி விசாரணை முடிந்து கார்டு கைக்கு வந்து அப்போது ஒரு வருசம்கூட ஆகவில்லை. குழலைக் கண்டதும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினேன்.

"பயப்படாதீங்க தம்பி," என்றார். "இது போட்டிக்குச் சுடறது. காகிதத்துல வட்டம் போட்டு வச்சுச் சுடுவோம்."

"காகிதம் என்ன பிழை செய்தது ஐயா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் கொண்டுவந்தது எங்கள் பக்கத்தில் இடியன் என்று சொல்லும் சாதித் துவக்கு. வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டு, கோலால் இடித்துச் சுடுவது. குழலின் பின்பக்கத்தை ஒரு தடித்த மறையாணி அடைத்திருக்கும். அந்த ஆணிக்குள் ஊசி நுழைகிற அளவில் ஒரு துவாரம் வளைந்து போகும். வெளியே மாட்டிய செப்புத் தொப்பியில் சுத்தியல் விழுந்தால், பொறி அந்தத் துவாரத்தால் ஓடி உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்க வேண்டும். இவருடையதில் தொப்பி ஒழுங்காக வெடித்தது. மருந்து மட்டும் தனக்கு மனம் வந்தால் பற்றியது, வராவிட்டால் சும்மா கிடந்தது.

பற்றாத துவக்கு பற்றுகிற துவக்கைவிடப் பொல்லாதது. எந்த நேரம் நினைத்துக்கொண்டு வெடிக்கும் என்று தெரியாது. சுடும் வரிசையில் நிற்கிற எல்லோரும் சுடுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பாரிசுக்கு வெளியே, கூசேன்விலுக்கு அப்பால் வயல்வெளியில் இருந்தது அவர்களுடைய துவக்குச் சுடும் சங்கம். அங்கே பொறுப்பாக இருந்த அந்துவான் ஏற்கெனவே முகத்தைச் சுளிக்கத் தொடங்கிவிட்டானாம்.

"வித்துப்போட்டு வேறை ஒண்டு வாங்குங்கோ. இல்லாட்டி வீட்டிலை இருந்து ரீவீ பாருங்கோ," என்றேன்.

அவர் குழலைத் தடவிக்கொண்டே சொன்னார். "அங்க என்னை மரியாதையா 'மொன் அட்ஜுதான்'னு கூப்பிடுவாங்க தம்பி. வேற எங்க கூப்பிடறாங்க? மெத்ரோல இறங்கினா பொலீஸ் பாப்பியே, அடையாளச் சீட்டு, காட்டச் சொல்றான். அல்ஜீரியால இவங்களுக்காகத்தான நான் நின்னேன்."

குழலை இடுக்கியில் இறுக்கி ஆணியைக் கழற்றினேன். துவாரத்தை ஒரு மயிரிழை பெருப்பித்தேன். பொறி சிதறாமல் மருந்தில் போய் விழட்டும் என்று உள்வாயைப் புனல் மாதிரிக் கடைந்தேன். முதலாளியின் கண்ணில் பட்டால் வில்லங்கம் என்று மிச்ச வேலைக்கு ஆணியை மட்டும் கார்ஜ் லே கொனெஸ் புறநகரில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுபோய், மெல்லிய அரத்தாளால் தேய்த்து மினுக்கினேன். பிறகு மறைகளுக்குக் கிரீஸ் பூசி, குழலில் பூட்டிக் கொடுத்தேன். மனுசர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை திரும்பி வந்தபோது ஆள் வாடிப்போயிருந்தார். முன்பு சில வேளை பற்றாமல் விட்ட துவக்கு இப்போது ஒரு தரம்கூடப் பற்றவில்லையாம். வருகிற ஞாயிறு தன் கண் முன்னால் சுட்டுக்காட்ட வேண்டும், அன்றும் பற்றாவிட்டால் இனி வரிசைக்கு வர வேண்டாம் என்று அந்துவான் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டான்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. துவாரம் பெருத்தால் நெருப்பு கூடத்தானே போக வேண்டும். பெருப்பித்த பிறகு அடியோடு போகவில்லை என்றால் இது எந்த ஊர்க் கணக்கு? தொப்பிகள் பழசோ என்றார் அவர். புதுப் பெட்டி வாங்கினார். மருந்து ஈரமோ என்றேன் நான். மாற்றினார். கிரீஸ் உருகி உள்ளே இறங்கியதோ என்று பெற்றோலில் கழுவினேன். அவர் சங்கத்துக்குப் போய்த் தனியே சுட்டுப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் நான் துவாரத்தை அளவுக்கு மீறிப் பெருப்பித்துவிட்டேன் என்றார். எனக்கு விசர் பிடித்தது. "அப்ப நீங்களே கடையுங்கோ," என்று ஆணியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை மெதுவாக என் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கோபத்தோடு அதை எடுத்து வாயில் வைத்து ஊதினேன். காற்று போகவில்லை. துவாரம் வளைந்து போவதால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏதோ அடைத்திருந்தது. கம்பியை விட்டுக் குடைந்தேன். மேலே கரி, அதற்குள் மஞ்சளாக, காய்ந்து கல்லாகிப்போன ஒன்று பொடிப்பொடியாக வந்தது. மணந்து பார்த்தேன். சந்தனம்.

அன்று மாலை வீட்டில் என் மனைவி வள்ளிநாயகியைக் கேட்டேன். அவள் அசையவில்லை.

"நீங்கள்தானே சொன்னியள், ஆயுத பூசைக்கு எல்லாச் சாமானையும் சரஸ்வதி படத்துக்கு முன்னாலை வை எண்டு. அதுவும் மேசையிலைதானே கிடந்தது. மற்றதுகளுக்கு எங்கை பொட்டு வைக்கிறதெண்டு தெரியேல்லை. அதுக்கு நடுவிலை வடிவான குழி இருந்தது. அழுத்தி வைச்சன்."

பூசைக்கு மறுநாள் காலையில் நான் அதைப் பட்டறைக்கு எடுத்தபோது வெளியே இருந்த சந்தனத்தைத்தான் துடைத்தேன். என் புனலுக்குள் அவள் அடைத்தது யாருக்குத் தெரியும்? சிரிப்பும் வந்தது, தலையைச் சுவரில் முட்டவும் தோன்றியது.

அடுத்த நாளே ஆணியைச் சுத்தமாக்கிக் கொடுத்து, சூசைநாதனிடம் விசயத்தைச் சொல்லிவிட்டேன். கத்தோலிக்கர், என்ன சொல்வாரோ என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்.

"இது அங்க யாருக்கும் தெரியக் கூடாது தம்பி. தெரிஞ்சா அப்புறம் நான் அட்ஜுதான் இல்ல. துப்பாக்கிக்குப் பூசை போடற இந்தியன்."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். தேவைப்பட்டால் கழற்ற ஆள் வேண்டுமாம். எனக்குத் துளியும் விருப்பமில்லை. அங்கே ஒவ்வொரு வெடிக்கும் காதைப் பொத்திக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் பாணைக் கடித்து வைனைக் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு இது எப்படிச் சந்தோசமாகிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்துவான் வந்தான். ஆறடி உயரம், செம்பட்டை மீசை. சுடுவதற்கு முன் கோளாறு என்னவென்று தெரிய வேண்டும் என்றான். காரணம் தெரியாமல் சரியாகிவிட்டது என்றால் ஏற்கமாட்டானாம்.

சூசைநாதன் என் பக்கம் திரும்பாமல் பிரெஞ்சில் பதில் சொன்னார். ஆணியைக் கடைந்தவர் இரும்புத் தூளை உள்ளேயே விட்டுவிட்டாராம். பாவம், அகதி. அவர்களுடைய நாட்டில் இயந்திரங்களைக் கண்டிருக்க மாட்டார்கள். தான் இரக்கப்பட்டுக் கொடுத்த வேலையாம்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். அவரோடு நான் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. யாழ்ப்பாணத்தில் நான் கடைந்த பம்பு உதிரிகள் எத்தனை தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்தன என்று கத்த வேண்டும் போலிருந்தது. சந்தனம் என்ற ஒரு சொல் போதும், இந்த மனுசரின் கதை இங்கேயே முடிந்துவிடும்.

"அப்படியா, முசியே?" என்று அந்துவான் என்னைப் பார்த்தே கேட்டான்.

சூசைநாதன் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோட்டில் குத்தியிருந்த பதக்கத்தை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆமாம், முசியே," என்று பிரெஞ்சில் சொன்னேன். "என் பிழைதான். தூளை நான் கவனிக்கவில்லை. அட்ஜுதானின் மேல் குற்றமில்லை."

அந்துவான் தலையாட்டினான். இனி இந்த ஆள் இங்கே எந்தத் துவக்கிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றான்.

சூசைநாதன் மருந்தைப் போட்டார், குண்டை இடித்தார், தொப்பியை மாட்டினார். விசையை இழுத்த அதே கணத்தில் வெடித்தது. புகை விலகியதும், "பிராவோ, மொன் அட்ஜுதான்," என்று கை தட்டினார்கள். அவர் துவக்கைத் தாங்கியில் சாய்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா தம்பி?"

"கொஞ்சம் விளங்கும் ஐயா."

அவர் நான் இருந்த மர வாங்கிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த சுற்றுக்கு அவரைக் கூப்பிட்டார்கள், 'மொன் அட்ஜுதான்' என்று அதே மரியாதையோடு, இரண்டு தரம். அவர் எழும்பவில்லை.