சூளை நிலத்து மூங்கில்

எங்கள் அப்பா செங்கல் சூளை வைத்திருந்தார். மண்ணைத் தோண்டித் தோண்டியே நிலம் மேடும் பள்ளமுமாகிவிட்டது. அவர் போனபின் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, அண்ணியைத் தவிர.

அண்ணி பஸ் கண்டக்டர். லீவு நாளில் காலை நீட்டி உட்காருவாள் என்று பார்த்தால், வேன் நிறைய மூங்கில் கன்றுகளோடு வந்து இறங்கினாள்.

"புல்லே முளைக்காத இடத்துல மூங்கிலா?" என்றான் அண்ணன்.

"மூங்கிலும் புல்லுதாங்க. கொஞ்சம் உயரமான புல்லு."

நான் நாத்தனார் ஆயிற்றே, என் பங்குக்கு நானும் கேலி செய்தேன்.

முதல் கோடையிலேயே பாதிக்கு மேல் கருகிவிட்டன. மறுநாள் அண்ணி கடப்பாரையை எடுத்தாள். மழைத்தண்ணீர் ஓடிப்போகாமல் நிற்க, சரிவுக்குக் குறுக்கே நீளநீளமாய்க் குழி வெட்டினாள். தெருவெல்லாம் சருகு கூட்டி, மூட்டை கட்டி வந்து கன்றுகளைச் சுற்றிப் பரப்பினாள். பார்க்கச் சகிக்காமல், முணுமுணுத்துக்கொண்டே நாங்களும் கூடப் போனோம்.

அடுத்த மழைக்குக் குருத்துகள் ஈட்டிபோல் கிளம்பின. ஒருநாள் போய்ப் பார்த்தால் ஒன்றுக்கும் நுனியில்லை. பக்கத்து நிலத்து ஆடுகளின் வேலை. ஆட்டுக்காரரை எல்லோரும் 'மீசை' என்பார்கள். அண்ணன் சண்டைக்குக் கிளம்ப, அண்ணி அவனை நிறுத்திவிட்டுத் தானே போனாள்.

"பசிச்சா ஆடு தின்னத்தான் செய்யும், மாமா. நாம ஒண்ணு பண்ணலாமா? மூங்கில் வளர்ந்ததும் தழை உங்க ஆட்டுக்கு. புழுக்கை என் மூங்கிலுக்கு."

வரிந்துகட்டிக்கொண்டு நின்ற மீசை, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "அதுவரைக்கும்?" என்றார்.

"அதுவரைக்கும் நீங்கதான் காவல்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாரமே முள்வேலியும் போட்டார்.

இன்று அங்கே நுழைந்தால் உடம்பு குளிர்கிறது. பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த மண், கையில் அள்ளினால் ஈரமாய் உதிர்கிறது. போன மாதம் வேளாண்மை அதிகாரி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"காத்துல இருக்கற கரியமில வாயுவை இது இழுத்து வச்சுக்குதும்மா. வெயில் ஏறிக்கிட்டே போற காலத்துல இது பெரிய காரியம்."

"இழுக்கட்டும் சார். எங்க மாமனார் சூளையில விட்ட புகை கொஞ்சநஞ்சமா?" என்றாள் அண்ணி.

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதுவரை கண்டதில்லை.

கூட வந்திருந்த மீசை, அதிகாரியை ஓரங்கட்டி, தன் தரிசுக்கும் கன்று கிடைக்குமா என்று கிசுகிசுத்தார்.

"அவரை ஏன் கேக்கறீங்க மாமா? முதல்ல குழியை வெட்டுங்க. அடுத்த லீவுக்கு வந்துடறேன்," என்றாள் அண்ணி.