தலையசைப்பு

தம்பியின் இடது கை மறுபடியும் மேலே எழுந்தபோது மாடிவீட்டம்மா ஈ விரட்டினாள். அறையில் ஈ இல்லை. பஞ்சை நனைத்துத் தம்பியின் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருந்த தையலக்கா, கையை அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

கை நெஞ்சுக்கு மேல் ஒரு சாண் உயரம் வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ ஓரமாகப் பிடித்தன. வலமிருந்து இடமாக ஓர் இழுப்பு. பிறகு கை போர்வைமேல் இறங்கிப் படுத்துக்கொண்டது.

பேச்சு நின்று மூன்று நாள் ஆகிறது. கடைசியாகக் கண் திறந்து இரண்டு நாள். இந்தக் கை மட்டும் காலையிலிருந்து இப்படி. தெருவில் இதற்குள் மூன்று விளக்கம் புறப்பட்டிருந்தது. தண்ணீர் கேட்கிறார் என்பது முதலாவது. முன்னே போனவர்கள் வந்து நிற்கிறார்கள், அவர்களைக் கையசைத்து உள்ளே கூப்பிடுகிறார் என்பது மாடிவீட்டம்மாவின் சொந்தத் தயாரிப்பு. மூன்றாவதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. கல்யாணமே செய்துகொள்ளாமல் அறுபத்து நாலு வயதுவரை அக்காவோடு இருந்துவிட்ட மனிதனுக்கு எங்காவது ஒருத்தி இருந்திருக்க வேண்டும், அவளைத்தான் தேடுகிறார் என்று தெரு நம்ப ஆசைப்பட்டது. அந்த ஒருத்திக்காகத் தெரு நாற்பது வருஷமாகக் காத்திருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்தோடு வந்து, நின்ற வாக்கிலேயே தீர்ப்புச் சொன்னார். நரம்பு இழுக்கிறதாம். மருந்தின் வேலையாம். வெள்ளைச் சட்டை போடுகிற ஒரே தகுதியில் அவர் முப்பது வருஷமாக இந்தத் தெருவுக்கு அரை டாக்டர்.

"கூப்பிடறாருங்க. நான் பாத்திருக்கேன், எங்க மாமனாரும் இப்படித்தான்" என்றாள் மாடிவீட்டம்மா.

தையலக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"கூப்பிடல. வேலை பாக்கறான்" என்றாள்.

தம்பி பகலில் அரசு அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். சாயங்காலம் வேறு உத்தியோகம். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஊரின் பெரிய இசையரங்கத்துக்குப் போவான். பியானோ வாசிக்கிறான் என்றுதான் தெரு வெகுகாலம் நினைத்திருந்தது. அவனும் மறுத்துச் சொன்னதில்லை. ஒருமுறை மாடிவீட்டம்மாவுக்கு எங்கிருந்தோ இலவச டிக்கெட் கிடைத்தது. மறுநாள் காலைப் பால் வாங்குவதற்குள் சேதி தெருமுனைவரை போய்விட்டது. அவர் வாசிக்கவில்லை. வாசிக்கிறவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தில் பக்கம் புரட்டிவிடுகிறார். அவ்வளவுதான். அதற்கா கோட்டு என்று கேட்டவர்கள், அன்றிலிருந்து அவனுக்குப் புரட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் கதவு சாத்தியிருந்தால் பெயர் உள்ளே கேட்காது என்று நினைப்பதும் தெருவின் வழக்கம்.

அந்தக் கோட்டைத் தைத்தவள் அக்கா. இடது கை வழக்கத்தைவிட அரை அங்குலம் குட்டையாக வேண்டும் என்று அவன் கேட்டபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. நாலு பேர் பார்த்தால் தைக்கத் தெரியாதவள் என்பார்கள். அவன் விளக்கவில்லை, நின்றபடியே இருந்தான். அவளும் வெட்டிக் கொடுத்தாள்.

அரங்கத்துக்கு அவள் ஒரே ஒருமுறை போயிருக்கிறாள், முப்பது வருஷத்துக்கு முன். அவன்தான் நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்தான். இரண்டு மணி நேரம் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல எழுந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். எல்லோரும் கை தட்டியபோது வாசித்தவர் குனிந்து வணங்கினார். இவன் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் இருந்தான், சாமான் மாதிரி. வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள்: "நீ எப்போ வாசிப்ப?"

 அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷம், ஒரே வீட்டில், அவன் வாரத்தில் மூன்று நாள் எங்கேயோ போய்விட்டு வந்தான். அவள் தையல் மெஷின்முன் உட்கார்ந்து, மற்றவர்களின் காற்சட்டையைப் பிரித்துத் தைத்தாள்.

இசை பேசாத குறையைச் சாப்பாட்டு நேரத்தில் வம்பு பேசித் தீர்த்தார்கள். பெரிய இசை மேதைகளின் வீட்டுக்கதை அத்தனையும் அவளுக்குத் தெரியும். யாருக்கும் பெயர் கிடையாது. பெயர் வாயில் நுழையாது. இருபது பிள்ளை பெற்றவர் பிள்ளைக்காரர். காது போனவர், வேலைக்காரிகளோடு ஓயாமல் சண்டை போட்டவர், செவிடர். மேசையில் குழம்பு வழக்கமாக வருவதுபோல இவர்களும் வருவார்கள். நண்பனின் மனைவியை ஆயுசுபூராவும் நினைத்துக்கொண்டு கட்டைப் பிரம்மச்சாரியாகவே போன தாடிக்காரர்மீது அவளுக்குத் தனி இரக்கம். சனங்கள் காசு கொடுத்து வருவது செவிடர் இயற்றிய ஒரே ஒரு இசைத் துண்டுக்காகத்தான், அது முடிந்ததும் பாதிப் பேர் வெளியே இருமப் போய்விடுகிறார்கள் என்று தம்பி சொல்லும்போது, அவளும் ஏதோ கேட்டு ரசித்தவள்போல அந்தப் பாதிப் பேரைத் திட்டுவாள். துண்டு எப்படி இருக்கும் என்று அவள் கேட்டதில்லை. அவனும் ராகம் இழுத்துக் காட்டியதில்லை.

இப்போது அவன் எங்கேயோ இருக்கிறான். யாரோ ஒருவருடைய புத்தகத்துக்குள். தாள் போய்க்கொண்டிருக்கிறது. எவருடையது என்று தெரிந்துவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. கூடப் போக முடியாது. எந்த வீட்டில் இருக்கிறான் என்றாவது தெரிய வேண்டாமா.

எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கை எழுந்து எதிர்ப்பக்கமாகப் போனது. இடமிருந்து வலமாக, ஒரு கட்டுத் தாளை அள்ளித் திருப்புவதுபோல.

"திரும்பி வர்றாரு பாத்தீங்களா" என்றாள் மாடிவீட்டம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான்தான் சொன்னேன்ல."

காலையில் அவள் சொன்னது வேறு. அதைத் தையலக்கா நினைவூட்டவில்லை. மறுபடி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இம்முறை பின்னால் போகவில்லை. நாலு.

சிவப்பு ரிப்பன் அவள் ஞாபகத்துக்கு வந்தது. தையல் பெட்டியிலிருந்து அவன் அவ்வப்போது இரண்டு விரல் நீளம் கேட்டு வாங்கிப் போவான். சில மேதைகளுக்குச் சொன்னதையே திருப்பிச் சொல்லும் வியாதி உண்டாம். ஒரு பகுதி முடிந்ததும் ஆரம்பத்துக்கே போ என்பார்களாம். "மூணு தாளையும் ஒரே இழுப்புல பின்னாடி தள்ளணும்க்கா. ஒரு தாள் கூடக்குறைய வந்துச்சுன்னா வாசிக்கிற ஆளு நடுக்கடல்ல நிப்பாரு" என்றான் ஒருநாள். போகவேண்டிய தாளில் ரிப்பனை ஒட்டிவிட்டால் கை பார்க்காமலே கண்டுபிடிக்கும்.

அலமாரியைத் திறந்தாள். அறுபது எழுபது புத்தகம். அதில் சிவப்பு வால் நீட்டிக்கொண்டிருந்தவை எட்டு. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரே கறுப்பு. எட்டில் எது?

அவன் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் பியானோக்காரரின் எண் இருந்தது. தம்பி பதினெட்டு வருஷம் பக்கம் புரட்டியது பெரும்பாலும் இவருக்குத்தான். மாடிவீட்டம்மா தன் கைபேசியைத் தானே முன்வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கேட்கிற தூரத்தில் நின்றாள்.

பியானோக்காரருக்கு முதலில் ஆள் பிடிபடவில்லை. பெயர் சொன்னாள். அச்சகம் என்றாள். கடைசியில் கோட்டில் ஒரு கை குட்டையாக இருக்கும் என்றாள். 

"ஓ, அவரா. தப்பா நினைக்காதீங்கம்மா. ஒரு தடவைகூட அவரு தப்பு பண்ணதில்ல. அதான் ஞாபகத்துல நிக்கல. சொதப்பினவங்க எல்லார் மூஞ்சியும் ஞாபகம் இருக்கு."

அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் அவள் சரி என்றாள். விஷயத்தைச் சொன்னாள். மூன்று தாள், பிறகு ஆரம்பத்துக்கு, மறுபடி மூன்று, பிறகு மேலே. தாளுக்குத் தாள் எவ்வளவு நேரம் என்று அவர் கேட்டார். ரொம்ப நேரம் என்றாள். அவசரமே இல்லாம என்றாள். அவர் வாய்க்குள் எதையோ முனகிப் பார்த்தார். பிறகு ஒரு பெயர் சொன்னார். அவளுக்கு அது பிடிபடவில்லை.

"அவருக்குக் கல்யாணம் ஆச்சுங்களா?"

"என்னது?"

"அந்த மேதைக்கு. வீட்டு நிலவரம் சொன்னீங்கன்னா எனக்கு ஆள் தெரிஞ்சிரும்."

பியானோக்காரர் சிரிக்கவில்லை என்பதை அவருக்குப் புண்ணியமாக எழுதிக்கொள்ளலாம். கல்யாணம் ஆகவில்லை, சொந்த வீடு கிடையாது, முப்பத்தொரு வயதில் போய்விட்டார், இது போவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுதியது என்றார்.

"கண்ணாடியக் கழட்டாமயே தூங்குவாரே, அவரா?"

"அப்படித்தான் சொல்வாங்க."

"கண்ணாடிக்காரர்" என்றாள் தையலக்கா, உறவுக்காரர் ஒருவரின் முகவரி கிடைத்ததுபோல.

அடுத்த வாரம் தனக்கு ஒரு நிகழ்ச்சி இருப்பதாகவும், தம்பி வரமுடியாது போலிருக்கிறதே, வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் பியானோக்காரர் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வைத்துவிட்டார்.

புத்தகம் எட்டில் ஐந்தாவது. அட்டையில் உருண்டை முகமும் கண்ணாடியும். ரிப்பன் முதல் தாளில். ஒவ்வொரு வலப்பக்கத்தின் அடியிலும் தம்பியின் பென்சில் வட்டம். எழ வேண்டிய இடம்.

கட்டிலின் இடது பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. அதை நகர்த்தித் தரச் சொல்லி மருந்துக்கடைக்காரரைக் கேட்டாள். எதற்கு என்றார். இடது பக்கம் உட்கார வேண்டும் என்றாள். அவர் மாடிவீட்டம்மாவைப் பார்த்தார், மாடிவீட்டம்மா அவரைப் பார்த்தாள். அக்காவுக்கும் தூக்கமில்லாமல் மூளை குழம்பிவிட்டது என்று இரண்டு பேரும் கண்ணாலேயே முடிவு செய்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே மெஷின் முக்காலியைப் போட்டுக்கொண்டாள். துணி வெட்டும் பலகையைத் தம்பியின் மடிக்கு மேல் சாய்த்து, அதில் புத்தகத்தை வைத்தாள். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அதனால் முதல் தாளில் திறந்து, சுற்றி வந்து கை மறுபடி பின்னோக்கிப் போவதற்காகக் காத்திருந்தாள். நடுமத்தியானம் தாண்டியது. மருந்துக்கடைக்காரர் கடை திறக்கப் போனார். மாடிவீட்டம்மா தேநீர் போடப் போனாள். போகிற வழியில் நாலு வீட்டில் நிற்பாள், ஒரு மணி நேரமாகும்.

கை வந்தது. ஒரு கட்டுத் தாளை அள்ளித் திருப்பியது. ஆரம்பம்.

இனி முதல் தாள். கை மறுபடி எழுந்தபோது அவளும் எழுந்து, வலது கையை நீட்டினாள். நீட்டிய கை புத்தகத்தின் குறுக்கே விழுந்து பாதிப் பக்கத்தை மறைத்தது. அவசரமாக இழுத்துக்கொண்டாள். இடது கையை நீட்டி, மேல்பக்கமாகப் போய், மூலையைப் பிடித்து இழுத்தாள். சத்தம் வராமல் திருப்ப முடியவில்லை. அவன் கோட்டுக் கையில் வெட்டிக் கொடுத்த அரை அங்குலத்தை நினைத்தாள். உட்கார்ந்தாள்.

இரண்டாவது தாளுக்கு அவன் கை பாதிதான் எழுந்தது. அவள் அதற்குள் திருப்பிவிட்டிருந்தாள். கை காற்றில் கொஞ்சம் தயங்கி, செய்ய வேண்டியது எதுவுமில்லை என்று கண்டதுபோல் இறங்கியது.

அதற்குப் பிறகு அது எழவேயில்லை. மூன்றாவது தாளின் வட்டம் வந்திருக்க வேண்டும் என்று அவள் தன் கணக்கில் உத்தேசமாக எழுந்து நின்றாள். திருப்பவில்லை. வாசிக்கிறவர் தலையசைக்கும்வரை தாளைத் திருப்பக் கூடாது, மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று அவன் சொல்லியிருக்கிறான். நின்றாள். தலையணையில் தம்பியின் மோவாய் ஒரு நெல் அளவு கீழே போய் மேலே வந்தது.

நரம்பு என்பார் மருந்துக்கடைக்காரர். திருப்பினாள்.

நாலு. ஐந்து. போர்வைக்கு அடியில் அவன் வலது கை இருந்த இடத்தில் துணி லேசாக ஏறி இறங்கியது, உள்ளே ஏதோ நடமாடுவதுபோல. இடது கையின் விரல்களும் போர்வைமேல் ஒன்று மாற்றி ஒன்று அழுந்தின. வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம், பக்கத்து வீட்டுக் குழாய். அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அவள் விரல்களைப் பார்க்காமல் மோவாயைப் பார்த்தாள். பார்க்க வேண்டியது அதைத்தான். ஆறு. எழுந்தாள், திருப்பினாள், உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. இதையா மூன்று நாள், வாரத்துக்கு மூன்று நாள் செய்தான். ஏழு சத்தமில்லாமல் திரும்பியது.

எட்டாவது தாளுக்கு எழுந்து மூலையைப் பிடித்தாள். வலது பக்கம் இன்னும் கனமாகத் தாள்கள் இருந்தன.

மாடிவீட்டம்மா இரண்டு டம்ளரோடு வந்தபோது சாயங்கால வெயில் பலகைவரை வந்திருந்தது. வாசலிலேயே ஏதோ சொல்ல ஆரம்பித்தவள், கட்டிலைப் பார்த்து நிறுத்தினாள். டம்ளர்களை மெஷின்மேல் வைத்துவிட்டுக் கிட்டே வந்து, அவன் மூக்குக்கு அருகே கையை வைத்துப் பார்த்தாள். போர்வை அசையவில்லை.

"அக்கா" என்றாள். "உக்காருங்கக்கா."

"இன்னும் தலையசைக்கல."

 தையலக்கா பாதி எழுந்த வாக்கில், இடது கையை மேலாக நீட்டி, தாளின் மூலையை இரண்டு விரலால் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். புத்தகத்தில் தன் நிழல் விழாமலிருக்கக் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.