கட்டையின் சிவப்புப் பக்கம்

பால் வண்டி வெடித்தது ஒரு புதன்கிழமை காலையில். அன்றைக்கு எங்கள் முகாமிலிருந்து ஒரு சைக்கிள்கூட வெளியே போவதாக இல்லை. என்னை உறுத்தியது அதுதான்.

நான் போக்குவரத்துப் பிரிவின் சார்ஜென்ட். எந்த லாரி, எந்த டிரைவர், எத்தனை மணிக்கு என்று பட்டியல் போடுவது என் வேலை. முகாமில் என் பெயரே 'லிஸ்ட்' என்று ஆகிவிட்டது. கேப்டன் கையெழுத்துப் போட்டதும் பட்டியல் அவருடைய இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் டிரைவர்களிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்வேன். மற்றபடி ஈ எறும்புக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு மாதத்தில் இரண்டு முறை, நாங்கள் கிளம்பிய அதே நாளில், சாலையில் புதைத்த குண்டு எங்களுக்காகக் காத்திருந்தது. மூன்று டிரைவர்கள் போய்விட்டார்கள்.

பட்டியல் கசிகிறது என்றார் கேப்டன். முடிவெட்டுகிறவரை மாற்றினார்கள். கேன்டீன்காரரை அனுப்பினார்கள். டிரைவர்களின் போன்களைப் பிடுங்கிப் பூட்டி வைத்தார்கள். விசாரிக்க வேறு ஆள் இல்லாமல் போனதும் எல்லார் பார்வையும் என் பக்கம் திரும்பியது. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள் இடைவெளி விழுந்தது.

இந்த லட்சணத்தில்தான் பால் வண்டி. புதன்கிழமைக்குப் பட்டியலே கிடையாது. ஐந்து டிரைவர்களுக்கு அன்று மாலை ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை. அதனால் நான் வண்டி எதுவும் போடவில்லை. ஆனால் குண்டு காத்திருந்தது. வழியில் வந்த பால்காரர் செத்தார்.

அப்படியென்றால் குண்டு வைத்தவர்கள் என் பட்டியலைப் பார்க்கவில்லை. வேறு எதையோ பார்த்திருக்கிறார்கள். அந்த எதுவோ, 'புதன்கிழமை ஐந்து வண்டிகள் கிளம்பும்' என்று அவர்களிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறது.

அது என்னவென்று வியாழக்கிழமை காலை பல் தேய்க்கும்போது புரிந்தது. நுரையைத் துப்ப மறந்து அப்படியே நின்றேன். ஏனென்றால் அதைச் செய்து மாட்டியவன் நான்.

*

எட்டு மாதத்துக்கு முன்னால், முகாம் வாசலுக்கு அரை மைலில் இருக்கும் பட்டறைக்குத் தேய்ந்த டயர்களை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மாடியில் தொம், தொம் என்று சத்தம். பழைய பட்டாளத்துப் புத்தி, ஏறிப் பார்த்தேன்.

நீளமான ஹால். மூன்று பேர் முழங்காலை மடக்கி, கண்ணுக்குத் தெரியாத பீப்பாயைக் கட்டிப்பிடித்ததுபோல அசையாமல் நின்றார்கள். மூலையில் பட்டறைக்காரர் முன்னங்கையால் மணல் மூட்டையை அடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட மூன்று வயது சின்னவர். கப்பலில் எஞ்சின் ரூம் வேலை பார்த்தவர். ஒரு சீனத் துறைமுகத்தில் கப்பல் ரிப்பேராகி இரண்டு வருடம் கிடந்தபோது, அங்கே கற்றுக்கொண்டாராம்.

குங்ஃபூவா என்று கேட்டேன். அப்படியும் சொல்லலாம், ஆனால் இதில் முக்கியம் அடிப்பது இல்லை, கேட்பது என்றார். நான் சிரித்துவிட்டேன். கையை நீட்டச் சொன்னார். என் மணிக்கட்டின்மேல் தன் மணிக்கட்டை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஆளைத் தள்ளிப் பார்ப்போமே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் தரையில் கிடந்தேன்.

லாரி சீட்டில் இருபது வருடம் உட்கார்ந்து தேய்ந்த இடுப்பு என்னுடையது. இரண்டு மாதத்தில் அது நிமிர்ந்தது. முதலில் மச்சானை இழுத்துக்கொண்டு போனேன். என் தங்கையின் புருஷன். எங்கள் பிரிவிலேயே முதல் லாரி ஓட்டுகிறவன். பிறகு இன்னும் நாலு டிரைவர்கள். சாராயக் கடைக்குப் போவதற்கு இது எவ்வளவோ தேவலை என்று கேப்டனும் தலையாட்டினார்.

அங்கே முக்கியப் பாடம் 'ஒட்டும் கை'. இரண்டு பேர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, வட்டமாகச் சுற்ற வேண்டும். ஒட்டிய கை பிரியவே கூடாது. வாய் பொய் சொல்லும், கண் பொய் சொல்லும், மணிக்கட்டு சொல்லாது என்பார் பட்டறைக்காரர்; எங்களுக்கு அவர் மாஸ்டர். ஒருநாள் அவருடைய கை இடப்பக்கம் துடித்தது. பிடித்துவிட்டேன் என்று அந்தப் பக்கம் பாய்ந்தேன். மல்லாந்து விழுந்தேன்.

"அது நான் வேணும்னே குடுத்த துடிப்பு, அண்ணே. கேக்கத் தெரிஞ்ச கைக்குப் பொய் சொல்லவும் தெரியும்."

மணிக்கட்டு பொய் சொல்லாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அது முதல் பாடம், இது கடைசிப் பாடம் என்று சிரித்தார்.

வினை ஒரு பலகையில்தான் ஆரம்பித்தது. ஓட்டத்துக்குப் போகும் நாட்களில் எங்கள் ஆட்கள் வகுப்புக்கு வர முடியாது. ஜோடி இல்லாமல் மற்றவர்கள் நிற்பார்கள். எனக்கு அது உறுத்தியது. சொல்லாமல் வராமல் இருப்பதற்குப் பட்டாளத்தில் தண்டனை உண்டு. இருபது வருடம் ஊறிய பழக்கம். பழைய தோட்டாப் பெட்டியை உடைத்துப் பலகை செய்தேன். ஆணி அடித்து, ஆளுக்கு ஒரு கட்டை தொங்கவிட்டேன். ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் சிவப்பு. நாளைக்கு வர முடியாதவன் இன்றைக்கே தன் கட்டையைச் சிவப்பாகத் திருப்பிவிட்டுப் போக வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, வந்தால் வாருங்கள் வராவிட்டால் போங்கள் என்றார் மாஸ்டர். நான்தான் கேட்கவில்லை.

இன்னொரு கூத்தும் செய்தேன். பட்டாளத்துக்காரர்களின் பெயரை வெளியே எழுதக் கூடாது, பாதுகாப்பு என்று சொல்லி, பெயருக்குப் பதிலாக அவரவர் லாரி நம்பரின் கடைசி இரண்டு எண்களை எழுதினேன். எனக்கு லாரி இல்லாததால் சைபர். மற்றவர்களுக்குப் படம்: மருந்துக்கடைக்காரருக்கு மாத்திரை, பள்ளிக்கூட டிரில் வாத்தியாருக்கு விசில், ஸ்டூடியோக்காரம்மாவுக்கு கேமரா.

செவ்வாய்க்கிழமை ஐந்து டிரைவர்களும் கண் பரிசோதனைக்காகக் கட்டையைச் சிவப்பாகத் திருப்பியிருந்தார்கள்; பலகையைப் படித்தவர்களுக்கு அது ஐந்து லாரி. பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருட்டு என்றதாம். எந்த லாரி, எந்த நாள் என்று எழுதிச் சுவரில் மாட்டிவிட்டு, கசிவு எங்கே என்று எட்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

*

வாயைக் கழுவிக்கொண்டு வண்டிக் கொட்டகைக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை விடியலில் ஐந்து லாரிகள் முன்னணிக் காவல் சாவடியான மேல் போஸ்ட்டுக்குப் பீரங்கிக் குண்டு ஏற்றிப் போகின்றன. முதல் லாரி மச்சான். அரை மணிக்கு முன்னால்தான் ஐந்து பேரிடமும் சொல்லியிருந்தேன். அந்த அரை மணிக்குள் அவன் டயர் கொடுக்கப் பட்டறைக்குப் போய்வந்துவிட்டான்.

"அஞ்சு பேரோடதையும் நானே திருப்பிட்டேன், மச்சான். ஆளாளுக்கு எதுக்கு அலையணும்? பாத்தியா, இப்பவாவது உன் தங்கச்சிகிட்ட சொல்லு, இவரும் உருப்படியா ஒரு வேலை செஞ்சாருன்னு."

அவளுக்கு ஏழாம் மாதம். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து அவனும் நிறுத்திக்கொண்டான்.

கேப்டனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பேனாவை மூடி வைத்தார். மேல் போஸ்ட்டில் இரண்டு நாளைக்குத்தான் குண்டு இருக்கிறது, வண்டியை நிறுத்த முடியாது என்றார். கட்டைகளை மறுபடி கறுப்பாகத் திருப்பினால், நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். அங்கே வருகிற எல்லாரையும் பிடித்து உள்ளே போட்டால், அவர்கள் வாய் திறக்க ஒரு வாரம் ஆகும்.

"எனக்கு ரெண்டே ரெண்டு வேணும். ஆள் யாரு, இடம் எது. சாயந்திரம் ஏழு மணிக்குள்ள சொல்லு. இல்லேன்னா உன் மச்சான் வண்டி கிளம்பும், நீயும் விசாரணைக்குக் கிளம்பு."

கேட்பதற்கு எனக்கு இருந்த ஒரே கருவி என் மணிக்கட்டு.

*

மாலை ஆறு மணி வகுப்பு. டிரைவர்கள் முகாமில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பலகையில் ஐந்து கட்டைகள் சிவப்பு. என் சைபர் கறுப்பு. நான் ஒவ்வொருவரோடும் கை ஒட்டிச் சுற்றினேன். எல்லாரிடமும் ஒரே வாக்கியம், பேச்சுவாக்கில் சொல்வதுபோல: "அந்தப் பால்காரரு பாவம், இல்ல?"

மாத்திரை உச்சுக் கொட்டினார். மணிக்கட்டு பஞ்சு மாதிரி இருந்தது. விசில், விதி யாரை விட்டது என்றார். கையில் ஒரு அலையும் இல்லை. கேமரா, அவருக்கு இரண்டு பெண் குழந்தைகளாமே என்றார்; அந்தக் கையும் குளத்துத் தண்ணீர்.

கடைசியில் மாஸ்டர். என் இடுப்பை நிமிர்த்திய கை.

"அந்தப் பால்காரரு பாவம், இல்ல?"

வட்டம் நின்றது. ஒரு மூச்சு நேரம். மறுபடி சுழன்றது.

அவர் கண் என்னைப் பார்த்தது. நான் கண்டுகொண்டதை என் கை அவரிடம் சொல்லியிருக்கும். ஒட்டும் கையில் ஒருவழிப் பாதை கிடையாது.

"விட்டுருங்க, அண்ணே," என்றார் மெதுவாக.

"ஒட்டின கையை விடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே மாஸ்டர்."

கையை இழுத்தார். நான் பசை மாதிரி கூடவே போனேன். இழுத்த பக்கமெல்லாம் போனேன். பார்ப்பவர்களுக்கு அது நல்ல ஆட்டமாகத் தெரிந்திருக்கும். கேமரா ஒருமுறை கைகூடத் தட்டினார். நான் அவர் காதருகே சாலையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

மூன்றாவது மைல் மதகு. ஒன்றும் இல்லை.

புளியமரத்து வளைவு. ஒன்றும் இல்லை.

ரயில்வே கேட். ஒன்றும் இல்லை.

செங்கல் சூளை.

துடித்தது. மீன் தூண்டிலைக் கடித்ததுபோல, ஒரே ஒரு துடிப்பு.

ஜன்னல் பக்கம் போய்க் கைக்குட்டையை உதறினேன். கீழே காத்திருந்த ராணுவப் போலீஸ் மேலே வந்தது. மாஸ்டர் எதிர்க்கவில்லை. விலங்குக்காக இரண்டு கைகளையும் தானே நீட்டினார். என்னைத் தாண்டும்போது, நல்லா கேட்டீங்க அண்ணே என்றார். எல்லாரையும் இறக்கிவிட்டு ஹாலைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். கிளம்பும்போது பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஐந்து சிவப்பு. மற்றதெல்லாம் கறுப்பு.

*

வெள்ளிக்கிழமை. ஐந்து லாரிகளும் ரயில்வே கேட் அருகே வரிசையாக நின்றன. முந்நூறு கஜம் தள்ளி செங்கல் சூளை. குண்டு எடுக்கும் ஆட்கள் கருவிகளோடு அங்கே சாலையை அங்குலம் அங்குலமாகத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி ஜீப்பில்.

இருபது நிமிடம் ஆயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை. சூளைக்கு இந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள். கேட் கீப்பர் வெளியே வந்து, இன்னும் எவ்வளவு நேரம் இங்கேயே நிற்பீர்கள் என்று கேட்டார்.

இங்கேயே.

என் மணிக்கட்டுக்கு அந்தத் துடிப்பு திரும்ப வந்தது. மிகச் சுத்தமான துடிப்பு. பால்காரரைச் சொன்னபோது அவர் கை நின்றதே, அது வேறு மாதிரி. அது அவரை மீறி வந்தது. சூளையைச் சொன்னபோது வந்தது, அவர் கொடுத்தது. சூளையில் தேட வேண்டுமென்றால் வண்டிகளை எங்கே நிறுத்துவோம்? கேட் அருகே. வேறு இடமே கிடையாது.

கடைசிப் பாடம்.

ஓடினேன். கேட் கீப்பரை வயல் பக்கம் தள்ளினேன். ஒவ்வொரு லாரிக் கதவையும் அடித்து, இறங்கு, வாய்க்காலுக்கு ஓடு என்று கத்திக்கொண்டே போனேன். மச்சான் மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை. லோடு ஏற்றிய வண்டியை விட்டு டிரைவர் இறங்குவது அவனைப் பொறுத்தவரை பெற்ற பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு வருவது மாதிரி.

"லோடு இருக்கு, மச்சான். யாரு உத்தரவு? கேப்டனா?"

பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். அவ்வளவுதான். அவனும் எட்டு மாதம் கேட்கக் கற்றவன். இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. குதித்தான்.

வாய்க்கால் சேற்றில் நாங்கள் முகம் குப்புற விழுந்தபோது இரண்டாவது லாரிக்கு அடியில் பூமி பிளந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து தலைகளை எண்ணினேன். எல்லாரும் இருந்தார்கள். மச்சானின் வலது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. அவனுக்கே கேட்டிருக்காது. கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக, உயிரோடு இருந்தது. தங்கைக்குச் சொல்ல அது போதும்.

*

மதியம் கேப்டன் ஹாலின் சாவியைக் கொடுத்தார். சாட்சிக்கு அந்தப் பலகை வேண்டும், நீயே செய்தது, நீயே கழற்றிக்கொண்டு வா என்றார். குரலில் பழைய உறுமல் இல்லை. ஒரு சிப்பாய் கீழே ஜீப்பில் இருந்தான். நான் தனியாக மேலே ஏறினேன்.

அரக்கு முத்திரை உடையவில்லை. உடைத்துத் திறந்தேன். ஹாலில் ரப்பர் வாடை. பின்சுவரில் டயர்களைக் கயிறு கட்டி மேலே இழுக்க ஒரு மரக்கதவு உண்டு; எட்டு மாதம் பார்த்துப் பழகியது, ஆனால் நேற்று முத்திரை வைக்கும்போது அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அது ஒரு சாண் திறந்திருந்தது.

பலகையைப் பார்த்தேன்.

ஐந்து லாரிகளும் கறுப்பு. ஐந்து பேரும் பிழைத்த செய்தி எங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்திருந்தது. மாத்திரை கறுப்பு. விசில் கறுப்பு. கேமரா கறுப்பு. நேற்று குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்த மூன்று கைகளும் என் மணிக்கட்டில் ஞாபகத்துக்கு வந்தன. மாஸ்டர் இரண்டு வருடம் கற்றவர். அவர் கையே பால்காரருக்காக ஒரு மூச்சு நின்றது. துடிக்கவே துடிக்காத கைக்கு எத்தனை வருடப் பாடம் வேண்டும்?

என் சைபர் மட்டும் சிவப்பு: நாளைக்கு வர முடியாதவன்.

ஹாலில் காற்று இல்லை. ஆனாலும் அந்தக் கட்டை ஆணியில் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.