பனிக்கட்டி வழிவிட்ட நாய்

ஐடா தாரலின் நாய் தண்ணீர்மேல் நடக்க ஆரம்பித்தது எண்பத்தோராம் வருடம் நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. பெரிய காரணம் ஒன்றுமில்லை. அதற்கு நனையப் பிடிக்காது; ஐடா குடியிருந்த படகிலிருந்து கரைக்குப் போட்டிருந்த பலகையை யாரோ திருடிவிட்டார்கள். பிஷப் என்ற அந்தக் குட்டைக்கால் நாய் விளிம்பில் நின்று, ஆறின கஞ்சியைப் பார்ப்பதுபோல் கால்வாயைப் பார்த்தது. இறங்கி நடந்து, அக்கரை வேலிக்கம்பத்தில் காலைத் தூக்கிவிட்டு, வந்த வழியே திரும்பியது. பாதம்கூட ஈரமில்லை. அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிக்கொண்டிருந்த ஐடா நிமிர்ந்து பார்த்து, "சீக்கிரம் உள்ள வா, குளிர் ஏறுது" என்றாள்.

ஊர்க்காரர்களுக்கு அந்த அமைதி கூடவில்லை. பாதிரியார் வந்து நின்றார். இருபது வருடம் ஜெபித்த தம்மை ஒரு மழைக்குட்டைகூடத் தாங்கியதில்லையே என்ற வயிற்றெரிச்சல் அவர் முகத்தில் தெரிந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் கருவிகளோடு வந்து, இரண்டு நாள் அளந்து, தண்ணீர் ஈரமாக இருக்கிறது என்று முடிவு சொன்னார். தொலைக்காட்சிக்காரர்கள் மூன்று நாள் கேமராவை நட்டுவைத்தார்கள். பிஷப் அந்த மூன்று நாளும் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக் கிடந்தது. யாராவது வேடிக்கை பார்த்தால் அது தண்ணீரில் காலை வைக்காது. மனிதர்களைப் பற்றி அதற்கு இருந்த அபிப்பிராயமும் ஐடாவுக்கு இருந்த அபிப்பிராயமும் ஒன்றுதான். அறுபத்திரண்டு வயதில் அவளுக்கு வேறு துணையில்லாததற்கும், வேறு துணை வேண்டாததற்கும் அதுவே காரணம்.

அடுத்த படகு லயனல் ஹாப்வுட்டுடையது. காப்பீட்டுக் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆறு வருடத்தில் அந்தப் படகு ஆறு அடி நகர்ந்ததில்லை. ஆனால் அவரைக் கப்பல் தலைவன் தொப்பி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. தினமும் பித்தளை துடைப்பார். ஐடாவின் புகைக்கரி தன் வண்ணப்பூச்சில் படிகிறது, நாய் "முறைகேடாக நடமாடுகிறது" என்று கால்வாய் அலுவலகத்துக்குப் பதினேழு கடிதம் எழுதினார். பதினேழாவதற்குப் பலன் கிடைத்தது. ஜனவரி முடிவதற்குள் இடத்தைக் காலி செய்யும்படி ஐடாவுக்கு ஓலை வந்தது. பதினான்கு குளிர்காலம் கட்டிக்கிடந்த இடம். அவள் அதைப் படித்துவிட்டு அடுப்பு மூட்டினாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் கால்வாய் உறைந்தது. அரை அடிக் கனம். எந்தப் படகும் அசைய முடியாது. பிஷப் வழக்கம்போல் காலையில் இறங்கியது. பனிக்கட்டி அதன் மூக்குக்கு முன்னால் திரைச்சீலைபோல் இரண்டாக விலகி, ஒரு படகு அகலத்துக்கு வழிவிட்டது. நடுவில் தெரிந்த கறுப்புத் தண்ணீர்மேல் நாய் நடந்துபோய் வந்தது.

அதற்கு நான்காம் நாள், புகைக்குழாயின் பித்தளை வளையத்தைத் துடைக்கிறேன் என்று பனிமூடிய படகுக்கூரைமேல் ஏறிய லயனல் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் மேட்டுச்சாலையில் பனிக்குள் புதைந்து நின்றது. மதியத்துக்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது. அவர் மனைவி முரியல் வந்து ஐடாவின் சன்னலைத் தட்டினாள். நாயையும் உறைந்த கால்வாயையும் மாறி மாறிக் காட்டினாள்.

ஐடா அங்கிருந்தே கத்தினாள்: "யோவ் ஹாப்வுட்! பனி உருகுற வரைக்கும் உம்ம பிணத்துக்குப் பக்கத்துல என்னால குடியிருக்க முடியாது. கிளம்பும்!"

கதவுப்பலகையில் வைத்துத் தூக்கி, அவரை ஐடாவின் கட்டிலில் கிடத்தினார்கள். "நாய் நாத்தம் அடிக்குது" என்றார் லயனல்.

"உம்மைப் பத்தி நாயும் அதையேதான் நினைக்குது" என்றாள் ஐடா.

நகரத்து மருத்துவமனை மூன்று மைல். பிஷப் முன்னால் நடந்தது, பனி விலகியது, படகு பின்னால் போனது. ஒரு மைல் தாண்டியதும், நடுக்கால்வாயில், நாய் தண்ணீர்மேல் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பக்கப் பனியும் நறநறவென்று நெருங்கிப் படகின் விலாவைக் கவ்வியது. ஐடா கெஞ்சினாள், திட்டினாள், பன்றிக்கறித் துண்டைக் காட்டினாள். உள்ளேயிருந்து லயனலின் முனகலும் நின்றுபோயிருந்தது. அப்போதுதான் முன்பக்கம் முரியல் கைகூப்பி, கண்ணீரோடு நாயையே பார்த்துக்கொண்டிருப்பதை ஐடா கவனித்தாள்.

"அடி பைத்தியக்காரி, அதைப் பாக்காத! திரும்பி நில்லு!"

"பாக்காம எப்படிங்க? என் வீட்டுக்காரர் உசிரே..."

"அதுக்கு அதெல்லாம் தெரியாது. போய் டீ போடு. உம்புருஷனைத் திட்டிட்டே போடு, நேரம் போறது தெரியாது."

முரியல் உள்ளே போனாள். நாற்பது வருடமாகச் சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்: தொப்பி, பித்தளை, பதினேழு கடிதம். லயனல் கண்ணைத் திறந்து, "அடுத்த படகுக்குக் கேக்கப்போகுது" என்றார். ஐடா வேலிச்செடிகளைப் பார்த்தபடியே சுக்கானைப் பிடித்தாள். சற்று நேரத்தில் பனி விலகும் சத்தம் மறுபடி கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

லயனல் பிழைத்தார். நன்றி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை; ஐடாவும் எதிர்பார்க்கவில்லை, வந்திருந்தால் இன்னும் கேவலமாக நினைத்திருப்பாள். ஆனால் முரியல் கால்வாய் அலுவலகத்துக்குப் போய், பதினேழு கடிதத்தையும் வாங்கி, அங்கிருந்த கணப்பிலேயே போட்டுவிட்டு வந்தாள். ஐடாவின் படகு இருந்த இடத்திலேயே இருந்தது. பாதிரியார் கால்வாய்ப் பக்கம் வருவதை நிறுத்தினார்.

அதற்குப் பின் கால்வாய் உறையும் ஒவ்வொரு குளிர்காலத்திலும், திங்களும் வியாழனும் காலை ஒன்பது மணிக்கு, ஏழெட்டுப் படகுகள் பிஷப்புக்குப் பின்னால் வரிசைகட்டி நகரத்துக்குப் போய் வருகின்றன. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது பாலத்துத் தூணை முகர அது கால்மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று புகார் உண்டு. சென்ற வாரம் கடைசிப் படகுக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். பிஷப் தூணை முதலிலிருந்து முகர ஆரம்பித்தது.