முதலில் திறக்கப்படும் பை

என் மகன் தீக்ஷித் பள்ளிவிட்டு வரும்போது தலை ஈரமாக இருந்தது. ஒரு நாள் என்றால் விட்டிருப்பேன். ஒரு வாரமாகக் கவனிக்கிறேன், தினமும் அப்படி.

"ஸ்கூல்ல குளிக்கிற வசதி எப்போ வந்துச்சு?"

"பந்து விளையாடினோம். குழாயில தலையக் காட்டினேன்."

ஒன்பதாவது படிக்கிறவன். சோப்பு வாசனை வேறு. பெண் விஷயமா, கஞ்சாவா என்று முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. அவன் கடைக்குப் போன நேரத்தில் பையைத் துழாவினேன். இப்போது செப்டம்பர்; கணக்கு நோட்டில் ஜூலைக்குப் பிறகு ஓர் எழுத்து இல்லை.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவன் ஏறிய பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறினேன். பள்ளி நிறுத்தம் வந்தது, அவன் எழுந்திருக்கவில்லை. மல்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கினான். ஐஸ் லாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு ஒரு படகின் இன்ஜின் குழிக்குள் இறங்கினான்.

"தீக்ஷி, சாவி உன்கிட்டயே இருக்கட்டும். டீ குடிச்சிட்டு வரேன்" என்று மெக்கானிக் சுந்தர கார்வி கிளம்பிப் போனார்.

நான் போய் நின்றேன். அவன் ஓடவில்லை.

"யார்கிட்டடா கத்துக்கிட்ட இந்தப் பொய்யெல்லாம்?"

"கணக்கு சார், ஹெப்பார் சார் போன் காணாமப் போச்சும்மா. எல்லார் முன்னாடியும் என் பையத்தான் முதல்ல கொட்டினார். சாக்ஸக்கூடக் கழட்டச் சொன்னார். கடைசில அது அவர் கார்லயே கிடந்துச்சாம், பியூன் சொன்னார். கிளாஸ்ல அவர் ஒரு வார்த்தை சொல்லல. இப்ப பேனா காணோம்னாலும் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீயும்தான் என் பையக் கிண்டின. புத்தகமெல்லாம் தலைகீழா இருந்துச்சு."

"வா, ஸ்கூலுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தேன்.

"சார் கிளாஸ்ல சொல்லட்டும். அடுத்த நாளே போறேன்" என்றான்.

அன்றே பள்ளிக்குப் போனேன்.

"இத்தனை நாளா பையன் வரல. ஒரு போன்கூடப் பண்ணலையே" என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன்.

"மீன் பிடிக்கப் போயிருப்பான்னு நினைச்சோம். இந்தப் பக்கத்துப் பசங்க போறதுதானே." சொல்லிக்கொண்டே இழுப்பறையிலிருந்து டி.சி. விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். அதில் தீக்ஷித்தின் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"இத எப்போ எழுதினீங்க?"

"படிப்பு ஏறாத பையன்மா. அடுத்த வருஷம் பத்தாவது. அவனுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்."

போன் கிடைத்ததை வகுப்பில் சொல்லச் சொன்னேன். ஹெப்பாரை வரவழைத்தார்கள்.

"பழைய விஷயத்த ஏன் கிளறுறீங்க?" என்றார் அவர், கதவருகிலேயே நின்றபடி.

கையெழுத்துப் போடாமல் வந்தேன். பிறகும் மூன்று முறை போனேன். அவர் சொல்லவில்லை. மகனும் போகவில்லை.

மறு வருஷம் அவன் வகுப்பின் பத்தாவது முடிவுகள் வந்தபோது பள்ளி வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி. முப்பத்தொரு முகங்கள். நாங்கள் இருந்த பஸ் அங்கே நின்றது. தீக்ஷித் சன்னல் வழியே பார்த்தான்.

"எட்டாவதுல நாங்க நாப்பத்தி நாலு பேர்மா."

பேனரில் இல்லாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். பதின்மூன்றும் இந்தப் பக்கத்துப் பசங்கள்; ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை.