இரண்டாம் மாடிக்கு வந்த கிணறு

கமுதியில் மைதீன் பிச்சை வீட்டுக் கொல்லையில் இருந்த உறைக்கிணறு, குடும்பம் ஊரைக் காலி செய்த மூன்றாவது வாரத்தில், மேடவாக்கத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தது. லாரி பிடித்து யாரும் ஏற்றி அனுப்பவில்லை. அதுவாகக் கிளம்பி வந்தது. பரனூர் சுங்கச்சாவடியில் அதை நிறுத்தவில்லை, சக்கரம் இல்லாததற்குக் கட்டணம் கிடையாது. தாம்பரத்தில் கிழக்கே திரும்பி, வேளச்சேரி சாலையைக் காலை நெரிசலுக்கு முன்னால் கடந்துவிட்டது. பத்து வருஷமாக அங்கே குடியிருப்பவர்களுக்கே அந்தச் சாமர்த்தியம் வராது. பால் பாக்கெட் வரும் நேரத்தில் அது கேட்டுக்குள் நுழைந்ததைக் காவலாளி சாலமோன் பார்த்தார். "எந்த வூடுன்னு கேட்டேன் சார், பதில் சொல்லல. லிஃப்ட் கீது, அதுல போன்னேன். படியிலயே ஏறிகினு போயிடுச்சு," என்று பிறகு சங்கச் செயலாளரிடம் சொன்னார். படிக்கட்டு முழுக்கத் துடைக்க வேண்டியதாகிவிட்டது என்பது தவிர அவருக்கு அதில் வேறு வருத்தம் இல்லை.

ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே, இடுப்புயரச் சுவரும் பாசியுமாகக் கிணறு உட்கார்ந்துகொண்டது. மின்விசிறியைக் கழற்றிப் பத்திரமாக சோபாவில் வைத்துவிட்டு, அந்தக் கொக்கியில் தன் உருளையை மாட்டிக்கொண்டது. எட்டிப் பார்த்தால் பதினாறு உறைக்குக் கீழே தண்ணீரும், தண்ணீரில் கமுதி வானமும் தெரிந்தன. கீழ்வீட்டில் இருந்த பள்ளி ஆசிரியை கோகிலவாணி விஷயம் கேட்டதும் ஓடிப்போய்த் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவருக்கு ஏமாற்றம்தான். மேல்வீட்டில் முன்பு இருந்தவர்களோடு கழிப்பறைக் கசிவுக்காக இரண்டு வருஷம் சண்டை பிடித்தவர், இப்போது ஒரு முழுக் கிணறே தலைக்குமேல் வந்து உட்கார்ந்தும் புகார் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. மைதீன் பிச்சையின் மனைவி பஷீரா படுக்கையறையிலிருந்து வந்து பார்த்தாள். கிட்டே போய்ச் சுவரை ஓர் உதை உதைத்தாள். கால்தான் வலித்தது.

அவள் உதைத்ததில் நியாயம் இருந்தது. ஏழு வயதில் கயிற்றைப் பிடித்தவள் அவள். பிறந்த வீட்டில் ஒன்பது பேருக்கு இறைத்தாள். கட்டிக்கொண்டு போன வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு நாத்தனார்கள், நான்கு ஆடுகள், தர்கா கந்தூரிக்கு வந்தவர்கள், சாவு விழுந்து மையத்து எடுக்க வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் எல்லாருக்கும் இறைத்தாள். பிள்ளை பெற்று நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் தண்ணீரையும் அவளேதான் இறைத்துக்கொண்டாள். நார்க்கயிறு உள்ளங்கை ரேகையையும் விரல் ரேகையையும் சேர்த்துத் தின்றுவிட்டது. ரேஷன் கடை இயந்திரம் அவள் கட்டைவிரலை மனுஷ விரல் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மைதீன் பிச்சை ஐந்து வேளைத் தொழுகைக்கும் தவறாமல் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்தார், ஒரு வாளிகூட இறைத்ததில்லை. மகன் தௌசிப்புக்கு நாவலூரில் வேலை கிடைத்து, மேடவாக்கத்தில் வீடு பார்த்திருக்கிறேன், கிளம்பி வாருங்கள் என்று சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி, குழாய் இருக்கிறதா என்பது. ஐந்து இருக்கிறது என்றான். வந்த அன்று ஐந்தையும் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். இனிமேல் சாகிறவரை ஒரு வாளி இறைப்பதில்லை என்று சமையலறைக் குழாயைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

கிணறு வந்ததற்குக் காரணம் மைதீன் பிச்சை. தண்ணீர் மாறினால் உடம்பு ஒத்துக்கொள்ளாது என்பது அவர் கொள்கை. சவுதிக்கு முதல்முறை போனபோதே கேனில் ஊர்த் தண்ணீர் கொண்டுபோய் விமான நிலையத்தில் பறிகொடுத்தவர். இந்த முறை யாரும் பறிக்கவில்லை. இரண்டு பெரிய கேன் நிறையக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, முதல் வாரம் அதை மட்டும் குடித்தார், இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி மேடவாக்கத்துத் தண்ணீர் கலந்தார், மூன்றாம் வாரம் அளவைக் குறைத்துக்கொண்டிருந்தபோது கேன் கைதவறி ஹாலில் கொட்டிவிட்டது. தன் தண்ணீர் சிந்திய இடத்தைத் தேடித்தான் கிணறு வந்தது என்று பின்னால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பஷீரா கலக்கவெல்லாம் இல்லை. வந்த முதல் நாளே ஒரு சொம்பு குழாய்த் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். மூன்று நாள் கழிப்பறைக் கதவைத் திறந்து திறந்து மூடினாள். நான்காம் நாள் வயிறு மேடவாக்கத்தை ஏற்றுக்கொண்டது.

கமுதியிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். கொல்லையில் கிணறு இருந்த இடம் சமதரையாகக் கிடக்கிறது, பயல்கள் அதில் ஸ்டம்பு நட்டுவிட்டார்கள் என்றாள். "வீட்டப் பூட்டிட்டுப் போனீக சரி, கெணத்தையுமா கூட்டிட்டுப் போவீக?" என்றாள். வேண்டுமானால் வந்து கூட்டிக்கொண்டு போ என்று பஷீரா போனை வைத்தாள். கிணற்றின்மேல் பிளைவுட் பலகை போட்டு, பூப்போட்ட விரிப்பு விரித்து, அதன்மேல் கீரை ஆய்ந்தாள். விடிகாலையில் வாளி தானாகச் சுவரில் மோதி அவளைக் கூப்பிடும், முப்பது வருஷப் பழக்கம். "கத்து. தொண்ட வத்துற வரைக்கும் கத்து," என்று அறைக்குள்ளிருந்தே சொல்லுவாள். ஒரே ஒரு வாளி இறைத்துக் கொடுத்தால் டீ எப்படி இருக்கும் தெரியுமா என்று மைதீன் பிச்சை ஒருநாள் இழுத்தார். கயிறு அங்கேதான் தொங்குகிறது, உங்கள் கையும் உங்களிடம்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைக்கு டீ குடிக்கப் போனார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன், ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர், வாடகைதாரர்கள் நாய் வளர்க்கவே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் எனும்போது கிணறு எந்த வகையில் சேரும் என்று விளக்கம் கேட்டார். தௌசிப் பதில் எழுதவில்லை. ஆபீசில் அவனுக்கு வேறு தலைவலி இருந்தது.

மாதங்கள் போயின. பஷீரா ஷேர் ஆட்டோவில் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே ஏறப் பழகினாள், மேடவாக்கம் கூட்டுரோட்டில் கையை உயர்த்திக்கொண்டு பஸ்ஸுக்குக் குறுக்கே நடக்கப் பழகினாள், மின்சாரம் போனால் யாரைத் திட்டுவது என்று தெரிந்துகொண்டாள். உள்ளங்கைக் காய்ப்பு செதில் செதிலாக உரிந்தது. பங்குனியில் ஒருநாள் ரேஷன் கடை இயந்திரம் அவள் விரலை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டு பீப் என்றது. வரிசையில் நின்றவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். ஒருவருக்கும் விளங்கவில்லை, சர்க்கரை வாங்கிக்கொண்டு வழியை விடுங்கள் என்றார்கள்.

சித்திரையில் டேங்கர் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆழ்துளைக் குழாய் அதற்கு முன்பே காற்று விட ஆரம்பித்திருந்தது. ஐந்து குழாய்களும் இருமிவிட்டு நின்றன. ஸ்ரீரங்கன் விளக்கம் கேட்ட கடிதத்தை மறந்துவிட்டு ஆறு வீட்டுக்காரர்களோடு செருப்பை வெளியே விட்டு வந்தார். பலகையைத் தூக்கினார்கள், வாளியை இறக்கினார்கள். கீழே தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது, கயிற்றில் கனம் வந்தது, மேலே வந்த வாளி காலி. மாற்றி மாற்றி எல்லாரும் இழுத்துப் பார்த்தார்கள். கனம் வந்ததே ஒழியத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் இறக்கினார்கள், அது ஒரு மணி நேரம் கமுதிக் காற்றை இறைத்துவிட்டுக் கருகியது. இது ஒரு கைக்குப் பழகின கிணறு, அந்தக் கைக்குத்தான் கொடுக்கும் என்று மைதீன் பிச்சை சோபாவில் உட்கார்ந்தபடி கருத்துச் சொன்னார். எல்லாரும் பஷீராவைப் பார்த்தார்கள். பராமரிப்புக் கட்டணம் தள்ளுபடி, தினக்கூலி தனி, கையுறையும் வாங்கித் தருகிறோம் என்றார் ஸ்ரீரங்கன். இது கம்யூனிட்டி சர்வீஸ் மேடம் என்று பின்னாலிருந்து ஒருவர் ஆங்கிலம் கலந்து எடுத்துக் கொடுத்தார். அவள் முடியாது என்றாள். அப்போது தௌசிப் பேசினான்.

"ரெண்டு நாள்தானம்மா. உனக்கென்ன, பழக்கம்தான?"

"பழக்கந்தான்டா. உங்க அத்தா வீட்டுக்கு வந்தன்னைக்கும் ரெண்டு நாளைக்கின்னுதான் கயித்தக் குடுத்தாக," என்றாள் பஷீரா. அதோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கட்டடம் அவளோடு பேச்சை நிறுத்தியது. இவளைக் காலி செய்ய வைத்தால் கிணறும் போய்விடுமா, கிணற்றை மட்டும் நிறுத்திக்கொள்ள முடியுமா என்று வாட்ஸப் குழுவில் விவாதம் நடந்தது. வீட்டு உரிமையாளர் போன் செய்து, உங்களுக்கு ஊரே வசதி என்றால் முன்பணத்தை உடனே திருப்பித் தருகிறேன் என்று இனிமையாகச் சொன்னார். கேன் தண்ணீர் வரிசையில் பஷீரா நின்றபோது முன்னால் இருந்தவர்கள் விலகி நின்றார்கள். அவள் வரிசை குறைந்ததென்று முன்னே போனாள். ஐந்தாம் நாள் கோகிலவாணி தனியாக மேலே வந்தார். இறைத்துத் தரச் சொல்லிக் கேட்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் அம்மா பாலாம்பாளைத் துடைத்துவிடக்கூடத் தண்ணீர் இல்லை, நாற்காலியில் வைத்துத் தூக்கிக் கீழ்க்கட்டளையில் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறோம், நாற்காலிக்கு ஒரு கை கொடுக்கத் தௌசிப்பை அனுப்ப முடியுமா அக்கா என்றார். அந்த அம்மாள் வழியிலேயே போய்விடுவாள் என்பது இருவருக்கும் தெரியும்.

பஷீரா பலகையை இழுத்துத் தள்ளினாள். செய்தி பரவி, ஹால் நிறைந்து படிக்கட்டுவரை ஆள் நின்றது. அவளுக்குக் கணக்குத் தெரியும். ஒரு வாளி வந்துவிட்டால் முடிந்தது. இன்று பாலாம்பாளுக்கு, நாளை கைக்குழந்தைக்கு, மறுநாள் கார் கழுவ, பிறகு இந்தக் கயிற்றிலிருந்து அவளை மையத்துக் குளியலுக்குத்தான் அவிழ்த்துவிடுவார்கள். வாளியை இறக்கினாள். பழைய தாளத்தில் கை மாற்றி இழுத்தாள். கனம் ஏறி வந்தது. சுவர்மேல் வாளியைச் சாய்த்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் இழுத்தாள், ஒன்றுமில்லை. மூன்றாவது தரம் கயிறு உரசி உள்ளங்கை சிவந்தது, சின்னப் பிள்ளைக்குச் சிவப்பதுபோல. பஷீரா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிணற்றுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள், அந்த ஹாலில் அன்று கிடைத்த தண்ணீர் அவ்வளவுதான்.

வேண்டுமென்றே நடிக்கிறாள் என்றார் ஸ்ரீரங்கன். கோபத்தில் சட்டையைக் கழற்றித் தௌசிப் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு கயிற்றைப் பிடித்தார். இழுத்தார், காலி. மறுபடி இழுத்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது போகவில்லை. முப்பத்தைந்து வருஷம் தணிக்கைக்காரர்களோடு மல்லுக்கட்டியவர், ஒரு கிணற்றுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை. சாயங்காலம் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்தது. அதற்கடுத்த வாளியில் அரை வாளி தண்ணீர் வந்தது. அவரே அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்ப் பாலாம்பாள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். கிணற்றுக்கு ஆள் முக்கியமில்லை, தோல்தான் முக்கியம் என்பது அதன்பின் தெரிந்துபோயிற்று.

ஒரு வாரத்தில் கட்டடத்தில் பாதிப் பேர் கை காய்த்துவிட்டது. நாவலூர் ஆபீசுகளில் கீபோர்டில் கட்டுப்போட்ட விரலோடு தட்டுகிறவர்களைக் கண்டால் இந்தக் கட்டடத்துக்காரர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். தௌசிப்புக்குப் பத்து நாள் பிடித்தது. மைதீன் பிச்சையின் கை அறுபது வருஷம் பஞ்சுபோல இருந்த கை என்பதால் ஒரு மாதம் காலி வாளி இழுத்தார், அதற்குப் பின்தான் ஒரு சொம்பு கிடைத்தது. அதற்குள் லாரிகள் ஓட ஆரம்பித்திருந்தன, ஆனால் முறை வைத்து இறைப்பது நிற்கவில்லை. ஸ்ரீரங்கனுக்குச் சர்க்கரை குறைந்திருந்தது. சங்கம் கிணற்றுச் சுவருக்கு மதில்சுவரின் அதே நிறத்தில் பெயின்ட் அடித்தது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் லிஃப்ட், கார் நிறுத்துமிடம், கிணறு என்ற வரிசையில் சொல்லுகிறார்கள், அவர்கள் கார் நிறுத்துமிடம் பற்றித்தான் மேற்கொண்டு கேட்கிறார்கள்.

பஷீராவுக்கு முறை கிடையாது. இடம் தருகிறாள், அது போதும் என்று சங்கம் முடிவு செய்தது. விடிகாலையில் பஜ்ர் தொழுதுவிட்டுத் திரும்பப் படுத்து எட்டு மணி வரை தூங்க அவள் இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டாள். ஆனியில் ஒரு காலை ஸ்ரீரங்கனும் கோகிலவாணியும் தௌசிப்பும் கிணற்றைச் சுற்றி நின்று, முறை யாருடையது என்று வழக்குப் பேசிக்கொண்டே இறைத்துக்கொண்டிருந்தபோது படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

"ரூம் கதவச் சாத்திட்டு இறைங்க. ஏசி போகுது."

சாத்திவிட்டு இறைத்தார்கள்.