வெளிப்பூட்டு

லிஃப்ட் மெக்கானிக் காலையிலிருந்தே நீதிமன்றத்தின் மூன்றாம் மாடி வராந்தாவில் உட்கார்ந்து, நகக்கண்ணில் படிந்திருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெஞ்சின் மறுகோடியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி. மனைவி என்று இனிச் சொல்ல முடியாது. விவாகரத்துத் தீர்ப்பு போன மாதமே வந்துவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றுதான்: ஏழு வயது சிட்டு இனி யாரோடு இருப்பாள்.

அதற்காகத்தான் நீதிபதியம்மா சிட்டுவைத் தன் அறைக்குள் தனியாக வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தி இருபது நிமிஷம் ஆயிற்று.

"எதுக்கு சார் இப்படி வேர்க்குது?" என்றார் அவருடைய வக்கீல். "குழந்தை இதுவரைக்கும் உங்ககூடதான் இருக்கு. பள்ளிக்கூடமும் பக்கம். நீங்க கம்முனு இருந்தாலே பாதி ஜெயிச்ச மாதிரி. நீங்க வாயத் திறந்தாதான் எனக்கு வேலை கூடும்."

வக்கீலிடம்கூட அவர் சொல்லாத சமாசாரம் ஒன்று இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம். எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே நாலு பேர், ஒருத்தி கர்ப்பிணி என்று போன். மனைவி அப்போதே பிரிந்து போயிருந்தாள்; வீட்டில் சிட்டுவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. "லிஃப்ட்ல ஆளுங்க மாட்டிக்கிட்டாங்கடா, பத்தே நிமிஷம்" என்று சொல்லி, வெளியே பூட்டிவிட்டு ஓடினார். திரும்ப இரண்டரை மணி நேரம் பிடித்தது. கதவைத் திறந்தபோது சிட்டு அதை ஒட்டியே தரையில் உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. அழுது ஓய்ந்த முகம். பதறிப்போய் அவளைக் கழுவிவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத" என்று தன் கையில் அடிக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இப்போது அவள் சொல்லிவிடுவாளோ என்றுதான் அவருக்குப் பயம்.

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். சிட்டு ஒரு பெரிய நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு நல்லாத்தான் பேசினா" என்றார் நீதிபதி. "ஒரே ஒரு கேள்விக்கு வாய இறுக்கி மூடிக்கிட்டா. அப்பாகூட இருக்கறப்ப எப்பவாவது பயந்தியான்னு கேட்டேன். அத யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருக்காருன்னு சொன்னா." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

மெக்கானிக் அந்தப் பக்கம் பார்த்தார். சிட்டுவின் அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. அவள் மனசு எங்கெங்கே போகிறது என்று அவருக்குப் புரிந்தது. பூட்டிய கதவு இரண்டரை மணி நேரத்தோடு முடிந்தது. இவர்கள் அவரைப் பற்றி நினைக்கக்கூடியதற்கு முடிவே கிடையாது.

வக்கீல் முழங்கையால் இடித்தார். அவர் லட்சியம் செய்யவில்லை.

"வீட்ல வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டேன் மேடம்." ஞாயிற்றுக்கிழமை, லிஃப்ட், பாவாடை, சத்தியம், ஒன்று விடாமல் சொன்னார்.

நீதிபதி எழுதிக்கொண்டே சிட்டுவிடம் திரும்பினார். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லலாமாப்பா?"

"சொல்லலாம்டா. இனிமே எல்லாமே சொல்லலாம்."

தலையாட்டினாள். அதுதான் என்றாள்.

உத்தரவு வியாழக்கிழமை, அதுவரை குழந்தை அம்மாவோடு இருக்கட்டும் என்றார் நீதிபதி. வக்கீல் வழக்குக் கட்டை மூடினார்.

வராந்தாவில் சிட்டுவின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதையாவது அன்னிக்கே எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். திட்டுகிற குரலாக இல்லை. வியாழன் என்ன ஆகுமோ என்ற நினைப்போடு அவர் சிட்டுவின் தலையைத் தடவினார்.

படியிறங்கும் முன் சிட்டு நின்று திரும்பினாள். இரண்டு மாதமாகக் கேட்க முடியாமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"லிஃப்ட்டுக்குள்ள இருந்தவங்க வெளிய வந்துட்டாங்களாப்பா?"